ஒரே தட்டு, மூன்று சூடு

அமெரிக்கக் காடுகளில் கூடாரம் அடித்துத் தங்கும் பிள்ளைகளுக்கு இரவுச் சாப்பாடு முடிந்த பிறகுதான் உண்மையான சாப்பாடு ஆரம்பமாகும். நீளமான குச்சி ஒன்றின் முனையில் மார்ஷ்மெல்லோவைக் குத்தித் தீயருகே காட்டுவார்கள். மேல்தோல் பொன்னிறமாகி, உள்ளே கூழாகும் நேரம் பார்த்து எடுத்து, இரண்டு கிரஹாம் பிஸ்கட்டுகளுக்கு நடுவில் ஒரு துண்டு சாக்லேட்டோடு வைத்து அழுத்தினால் ஸ்மோர் தயார். கை, வாய், சட்டை எல்லாம் பிசுபிசுக்கும். அங்கே வளர்ந்தவர்கள் எழுபது வயதிலும் இதைப் பற்றிப் பேசும்போது குழந்தையாகிவிடுவார்கள்.

இதன் செய்முறை 1927-இல் அமெரிக்கப் பெண் சாரணியர் அமைப்பு வெளியிட்ட ஒரு கையேட்டில் இருக்கிறது. எட்டுப் பேருக்குப் பதினாறு பிஸ்கட், எட்டு சாக்லேட் பட்டை, பதினாறு மார்ஷ்மெல்லோ என்று கணக்கு. மூன்று பொருளுமே கடையில் வாங்கியவை என்பதைக் கவனிக்க வேண்டும். காட்டுக்குப் போனாலும் இது காட்டு உணவு அல்ல. தொழிற்சாலைகள் பெருகிய காலத்தின் உணவு. மில்டன் ஹெர்ஷி தன் பால் சாக்லேட் பட்டையை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1900-இல். பிஸ்கட்டோ சில்வெஸ்டர் கிரஹாம் என்ற பிரஸ்பிடேரியன் மதகுருவின் பெயரைச் சுமக்கிறது. 1794-இல் பிறந்த அவர், மசாலாவும் மாமிசமும் மதுவும் உடலில் காமத்தைக் கிளப்பும் என்று ஊர் ஊராகப் பிரசங்கம் செய்தவர். அதற்கு மாற்றாக அவர் முன்வைத்தது தவிடு நீக்காத கோதுமை மாவும் உப்புச்சப்பில்லாத உணவும். அவர் பெயரில் விற்கும் பிஸ்கட்டில் இன்று சர்க்கரை தாராளம். அதன் நடுவில் சாக்லேட்டையும் சர்க்கரை நுரையையும் வைத்துச் சாப்பிடுவதைப் பார்த்தால் மனிதர் என்ன ஆகியிருப்பாரோ.

பிரவுனியும் அந்த நாட்டுச் சரக்குத்தான். 1893-இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சிக்காக, சீமாட்டிகள் பெட்டியில் எடுத்துச்செல்லத் தோதான இனிப்பு வேண்டும் என்று பெர்த்தா பாமர் கேட்க, பாமர் ஹவுஸ் ஓட்டலில் செய்து கொடுத்ததாக ஒரு வரலாறு உண்டு. 1906-இல் ஃபேனி ஃபார்மரின் சமையல் நூல் பதிப்பில் சாக்லேட் பிரவுனி இடம்பெற்றுவிட்டது. இந்த இரண்டு இனிப்புகளையும் ஒன்றாக்கி, அடியில் பிஸ்கட், நடுவில் பிரவுனி, மேலே வாட்டிய மார்ஷ்மெல்லோ என்று அடுக்குவதுதான் ஸ்மோர் பிரவுனி. கூடாரமும் இல்லை, கொசுக்கடியும் இல்லை. ஒரு தட்டும் ஓவனும் போதும்.

கேட்க எளிதாக இருக்கிறது. சிக்கல் சூட்டில் இருக்கிறது. தீயருகே ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனி நியாயம் கிடைக்கிறது: பிஸ்கட்டுக்குச் சூடே கிடையாது, சாக்லேட்டுக்கு இளஞ்சூடு, மார்ஷ்மெல்லோவின் தோலுக்கு மட்டும் கொடுஞ்சூடு. ஓவனில் மூன்றும் ஒரே தட்டில், ஒரே 175 டிகிரியில் உட்கார்ந்திருக்கின்றன. குச்சி பிடித்த கை தூரத்தைக் கூட்டிக் குறைத்துச் செய்த வேலையை இங்கே கடிகாரம்தான் செய்ய வேண்டும்.

முதலில் மார்ஷ்மெல்லோ. மூன்றில் மிகவும் வம்பு பிடித்தது இதுதான்.

ஒரு காலத்தில் மார்ஷ்மெல்லோ (அல்தேயா அஃபிசினாலிஸ்) என்ற சதுப்புநிலச் செடியின் வேரிலிருந்து எடுத்த கொழகொழப்பால் இதைச் செய்தார்கள். இன்றைய பொட்டலத்தில் அந்தச் செடியின் பெயர் மட்டும்தான் மிச்சம். சர்க்கரையும் சோள சிரப்பும் சேர்ந்த பாகை 115 டிகிரி அளவில், நம் வீட்டில் உருட்டுப் பதம் என்று சொல்லும் நிலையில் இறக்கி, ஊறவைத்த ஜெலட்டின் சேர்த்து, காற்றை அடித்து ஏற்றினால் மார்ஷ்மெல்லோ. 1950-களில் அலெக்ஸ் டூமாக் என்பவர் இந்த நுரையைக் குழாய் வழியே பிதுக்கி வெட்டும் முறையைக் கண்டுபிடித்த பிறகுதான் அது இப்போதைய உருளை வடிவத்துக்கு வந்து, மலிவாகக் கிடைக்க ஆரம்பித்தது.

கையில் ஒன்றை எடுத்து அழுத்திப் பாருங்கள். பருமனில் பாதிக்கு மேல் காற்று. அந்தக் காற்றைச் சிறைப்பிடித்து வைத்திருக்கும் சுவர்கள் கெட்டியான சர்க்கரைப் பாகால் ஆனவை. பாகு வழிந்து ஓடாமல் தாங்கி நிற்பது ஜெலட்டின் வலை. விலங்குகளின் தோல், எலும்பில் உள்ள கொலாஜனை வேகவைத்து எடுக்கும் புரதம் இது. இதன் இழைகள் குளிரும்போது ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு வலையாகின்றன. 35 டிகிரியை நெருங்கினாலே முறுக்கு அவிழ்ந்துவிடுகிறது. வாயில் போட்டதும் கரைவதற்குக் காரணம் இதுவே. அதாவது, சென்னையின் மே மாதப் பகலில் ஒரு மார்ஷ்மெல்லோ ஏற்கெனவே ஆபத்தின் விளிம்பில் நிற்கிறது.

இப்படிப்பட்ட ஒன்றைச் சூடாக்கினால் என்ன நடக்கும்? உள்ளிருக்கும் காற்று விரியும். அறை வெப்பத்திலிருந்து 90 டிகிரிக்குப் போனால், காற்று மட்டும் ஐந்தில் ஒரு பங்குதான் பெருகும். ஆனால் பாகில் உள்ள நீரும் ஆவியாகிக் குமிழுக்குள் புகுந்துகொள்கிறது. ஆவியின் அழுத்தத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், பருமன் இரு மடங்கைத் தாண்டும். குச்சியில் மார்ஷ்மெல்லோ உப்பிப் புடைப்பது இதனால்தான். எடுத்து ஆறவிட்டால் ஆவி மறுபடி நீராகி, குமிழ் சுருங்கி, தோல் சுருக்கம் விழுந்து தொங்கிப்போகும்.

தோல் சிவப்பது வேறு கதை. அங்கே இரண்டு வேதிவினைகள் பக்கத்துப் பக்கத்தில் நடக்கின்றன. சோள சிரப்பில் உள்ள குளுகோஸ், ஜெலட்டினின் அமினோ தொகுதிகளோடு சேர்வது ஒன்று. 1912-இல் இதை விவரித்த பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமில் மயார் பெயரில் அது மயார் வினை. தோசையின் முறுகல், காப்பிக்கொட்டையின் மணம் எல்லாம் அந்தக் குடும்பமே. 140 டிகிரி வாக்கில் அது சுறுசுறுப்படையும். இன்னும் சூடேறி 160, 170-ஐ எட்டினால் சர்க்கரை தானே உடைந்து கேரமலாகும். அதற்கும் மேலே போனால் கரி. இந்த வெப்பநிலை எதையும் ஈரமான பரப்பு எட்டாது; தோலில் உள்ள நீர் பெரும்பாலும் வற்றிய பிறகே நூறை வெகுவாகத் தாண்ட முடியும். வெகுநேரம் வெள்ளையாகவே இருந்துவிட்டு, சட்டென்று பழுப்பாகி, கண் இமைப்பதற்குள் கருகுகிறதே, அந்த அவசரத்துக்கு இதுதான் விளக்கம். நீர் ஆவியாவது ஒரு கடிவாளம். அது அறுந்த கணத்திலிருந்து வெப்பம் தறிகெட்டு ஓடுகிறது.

மெரினாவில் சோளக்கருது சுடுபவரைப் பார்த்திருப்பீர்கள். விசிறி விசிறிக் கங்கைச் சிவக்க வைப்பார். சுவாலை எழுந்தால் கதிரை நகர்த்திவிடுவார். மார்ஷ்மெல்லோ வாட்டத் தெரிந்தவர்களும் அப்படித்தான். சுவாலையின் நுனி என்பது அலைபாயும் சூடான வாயு. எங்கே எவ்வளவு சூடு என்று சொல்ல முடியாது. கங்கு அப்படி இல்லை. அது நிலையாக, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை வீசுகிறது. ஒரு பொருள் வீசும் கதிரின் அளவு, அதன் தனிவெப்பநிலையின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. ஓவன் சுவரின் 175 டிகிரி என்பது கெல்வினில் 448. நன்றாகச் சிவந்த கங்கின் 825 டிகிரி ஏறத்தாழ 1100. இரண்டரை மடங்குகூட இல்லை. ஆனால் நான்கு முறை பெருக்கினால், ஒரே பரப்பளவுக்குக் கங்கு வீசும் கதிர், ஓவன் சுவர் வீசுவதைப் போல் சுமார் 36 மடங்கு!

இன்னொரு வேடிக்கை. அந்தச் சூட்டில் கங்கின் கதிர்வீச்சு உச்சம் பெறுவது 2.6 மைக்ரான் அலைநீளத்தில். நீரும் சர்க்கரையும் வெறித்தனமாகக் கதிரை உறிஞ்சும் அலைநீளம் 3 மைக்ரானை ஒட்டியது. கண்ணுக்குப் பால்வெள்ளையாகத் தெரியும் மார்ஷ்மெல்லோ, கங்கின் பார்வையில் கறுப்பு. வந்த கதிர் முழுதும் தோலின் மிக மெல்லிய படலத்திலேயே நின்றுவிடுகிறது; அதற்குள்ளே இருக்கும் காற்றுக் குமிழ்கள் சூட்டை உள்ளே கடத்த மறுக்கின்றன. தோல் முறுகி, நடு இளகி இருக்கும் அதிசயம் வேறெந்த அடுப்பிலும் இவ்வளவு சுலபமாக வாய்ப்பதில்லை.

ஆகவே, மார்ஷ்மெல்லோவை மாவோடு சேர்த்து ஓவனில் தள்ளினால் என்ன ஆகும் என்பது இப்போதே தெரிந்திருக்கும். 175 டிகிரி, அரை மணி நேரம். தோல் சிவக்கப் போதுமான கதிர் இல்லை. ஆனால் ஜெலட்டின் அவிழவும், குமிழ்கள் ஒன்றோடொன்று கலந்து உடையவும், பாகு மாவுக்குள் இறங்கவும் நேரம் ஏராளம். வெளியே எடுக்கும்போது மார்ஷ்மெல்லோவைக் காணோம். இருந்த இடத்தில் பள்ளங்களும் பல்லில் ஒட்டும் சர்க்கரைக் கட்டிகளும்தான். பிரவுனி வெந்து முடிந்த பிறகே மார்ஷ்மெல்லோவை மேலே அடுக்க வேண்டும். பிறகு ஓ.டி.ஜி. எனும் மின் ஓவனில் கீழ்க்கம்பியை அணைத்து, மேல்கம்பியை மட்டும் சிவக்க விட்டு, ஓரிரு நிமிடம். 525 டிகிரி வாக்கில்தான் எந்தப் பொருளும் இருட்டில் மங்கலாகச் சிவக்க ஆரம்பிக்கும்; பளிச்சென்று ஒளிரும் கம்பி அதைவிட வெகுதூரம் மேலே இருக்கிறது. வீட்டுக்குள் கிடைக்கும் கங்கு அதுதான். அந்த இரண்டு நிமிடமும் கதவருகிலேயே நிற்க வேண்டும். தொலைபேசி அடித்தால் அடிக்கட்டும்.

சாக்லேட்டுக்கு வருவோம். ஸ்மோர் சாப்பிட்டவர்களின் நெடுநாள் புகார் ஒன்று உண்டு: நடுவில் உள்ள சாக்லேட் உருகவே இல்லை. மார்ஷ்மெல்லோ இவ்வளவு சூடாக இருக்கிறதே, ஏன்? கணக்குப் பார்த்துவிடலாம். ஒரு மார்ஷ்மெல்லோ ஏழு கிராம். சராசரி 80 டிகிரியில் இருந்து 35-க்கு ஆறும்போது அது வெளிவிடும் வெப்பம் சுமார் 600 ஜூல். பட்டையில் மூன்றில் ஒரு பங்கு, 14 கிராம் சாக்லேட் என்று வைத்துக்கொள்வோம். அதை 20 டிகிரியிலிருந்து, கோகோ வெண்ணெய் உருகும் 34 டிகிரிக்கு ஏற்றவே 300 ஜூல் ஆகும்; அதிலுள்ள கொழுப்புப் படிகங்களை உடைக்க மேலும் 600. வரவு 600, செலவு 900. மலைப்பக்கத்து இரவில் சாக்லேட் 10 டிகிரியில் கிடந்தால் பற்றாக்குறை இன்னும் மோசம். மார்ஷ்மெல்லோவின் சூட்டில் ஒரு பங்கு பிஸ்கட்டுக்கும் காற்றுக்கும் போவதை நான் சேர்க்கவே இல்லை. 1927 கையேட்டில் ஆளுக்கு இரண்டு மார்ஷ்மெல்லோ என்று வைத்தவர்கள் விவரம் தெரிந்தவர்கள். ஆளுக்கு ஒரு முழுப் பட்டை என்று வைத்ததில்தான் தாராளம் கூடிவிட்டது.

பிரவுனியில் இந்தக் கடன் தொல்லை இல்லை. சாக்லேட் முன்கூட்டியே உருகி வெண்ணெயோடு கலந்துவிடுகிறது. கோகோ வெண்ணெயும் பால் வெண்ணெயும் கலந்தால் இரண்டும் ஒழுங்காகப் படிகமாக முடியாமல் இளகலாகவே இருக்கும் என்பதால், ஆறிய பிறகும் நடு அடுக்கு மெத்தென்று நிற்கிறது. சிலர் மேலே பால் சாக்லேட் துண்டுகளையும் தூவுவார்கள். எனக்கு அது வீண் வேலையாகப் படுகிறது. கீழே இனிப்பு, மேலே இனிப்பு. நடுவிலாவது கொஞ்சம் கசப்பு வேண்டாமா? அடர்ந்த கோகோ தூளும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டால் போதும்.

இனிப்பு அதிகம் என்று மாவில் சர்க்கரையைப் பாதியாகக் குறைக்க நினைப்பவர்கள் ஒரு நிமிடம் பொறுக்க வேண்டும். பிரவுனியில் சர்க்கரை ருசிக்காக மட்டும் இல்லை. கோகோ தூளில் செய்யும் பிரவுனியின் வழக்கமான அளவைப் பாருங்கள்: வெண்ணெய் 115 கிராம், சர்க்கரை 200, முட்டை இரண்டு, மைதா 65, கோகோ தூள் 30. இதில் நீர் எங்கே? முட்டையில் 75 கிராம், வெண்ணெயில் இருபதுக்குள். மொத்தம் நூறுகூடத் தேறாது. அறை வெப்பத்தில் 100 கிராம் நீர் அதிகபட்சம் கரைத்துக்கொள்ளும் சர்க்கரை சுமார் 200 கிராம். ஆக, பிரவுனிக்குள் இருப்பது நீரே அல்ல. இனி ஒரு துளி சர்க்கரையும் ஏற்காத பாகு. மைதாவின் மாவுச்சத்து தண்ணீரில் 60 டிகிரியிலேயே ஊறி உப்பி வெந்துவிடும். இந்தப் பாகில் அதற்கு நீர் கிடைப்பதில்லை. வேகும் வெப்பநிலை இன்னும் இருபது, முப்பது டிகிரி மேலே தள்ளிப்போகிறது. முட்டையின் புரதமும் அப்படியே தாமதமாக இறுகுகிறது. அரைகுறையாக வெந்த மாவுச்சத்து, அளவாக இறுகிய முட்டை, நடுவில் கெட்டிப் பாகு. கேக்குக்கும் பிரவுனிக்கும் உள்ள வித்தியாசம் இந்தப் பஞ்சத்தில்தான் இருக்கிறது. சர்க்கரையைப் பாதியாக்கினால் நீருக்கு விடுதலை; கிடைப்பது காய்ந்த சாக்லேட் கேக்.

மேலே மினுமினுப்பாக, தொட்டால் நொறுங்கும் காகிதம் போன்ற தோல் வருகிறதே, அதுவும் பாகின் கைவேலை. முட்டையும் சர்க்கரையும் நன்றாக அடித்துக் கரைந்திருந்தால், பரப்பில் நீர் வற்றும்போது முட்டைப் புரதம் கலந்த சர்க்கரைப் படலம் கண்ணாடி போல் இறுகும். ஸ்மோர் பிரவுனியில் இதை மெனக்கெட்டு வரவழைக்கத் தேவையில்லை. மேலே மார்ஷ்மெல்லோ உட்காரப்போகிறது.

அடி அடுக்கு பிஸ்கட். கிரஹாம் நம் கடைகளில் அரிது; டைஜெஸ்டிவ் பிஸ்கட் நல்ல மாற்று. பொடித்து, உருக்கிய வெண்ணெயில் பிசறி, தட்டில் அழுத்தி, மாவு ஊற்றுவதற்கு முன்பே எட்டு, பத்து நிமிடம் தனியாக வாட்டிக்கொள்ள வேண்டும். சோம்பல்பட்டு இதை விட்டுவிடுபவர்கள் அதிகம். வெண்ணெயிலுள்ள நீர் இப்போது வெளியேறாவிட்டால் பிறகு வெளியேற வழியே இல்லை. மேலே கனத்த மாவு மூடிக்கொள்ளும். கரைந்த சர்க்கரை ஆறும்போது மறுபடி இறுகித் துகள்களை ஒட்டவைக்கிறது. வெண்ணெய் ஒவ்வொரு துகளையும் பூசி, மாவின் ஈரம் உடனே ஏறாமல் பார்த்துக்கொள்கிறது.

உடனே என்றுதான் சொன்னேன். காலப்போக்கில் ஏறியே தீரும். ஈரம் எந்தப் பக்கம் போகும் என்பதைத் தீர்மானிப்பது ஒரு பொருளில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதல்ல; அந்த நீர் எவ்வளவு சுதந்திரமாக இருக்கிறது என்பது. உணவு விஞ்ஞானிகள் இதை நீர்ச் செயல்பாடு என்கிறார்கள். தூய நீருக்கு 1, எலும்பாய்க் காய்ந்ததற்கு 0. மொறுமொறு பிஸ்கட் 0.2, 0.3-இல் இருக்கும். மார்ஷ்மெல்லோ 0.6-க்கும் 0.75-க்கும் நடுவே. பிரவுனியின் பாகு அதைவிட மேலே, 0.8-ஐ ஒட்டி. ஆகவே பிரவுனி இரண்டு பக்கமும் ஈரத்தை இழக்கிறது. கீழே பிஸ்கட் நாள் போகப் போக நமுத்துப்போகிறது. மேலே மார்ஷ்மெல்லோவின் அடிப்பகுதி நீர் ஏறிக் கசகசவென்று வழுக்க ஆரம்பிக்கிறது. முறுகிய மேல்தோலின் நிலைமை இன்னும் பாவம். அது சர்க்கரைக் கண்ணாடி. சுற்றியிருக்கும் காற்றிலிருந்தே ஈரம் குடித்துப் பிசுபிசுத்துவிடும். கடலோர ஊர்களில் அதன் ஆயுள் சொற்பம்.

மார்ஷ்மெல்லோ என்றதும் ஜெலட்டின் எந்த விலங்கினுடையது என்ற கேள்வி நம்மூரில் கட்டாயம் எழும். சைவ வகைகளில் அதற்குப் பதிலாகப் பெரும்பாலும் கடற்பாசிப் பொருள்கள். இங்கே கதை திடீரென்று ராமநாதபுரத்துக்கு வந்துவிடுகிறது. மன்னார் வளைகுடாவில் மூச்சடக்கி முங்கிப் பெண்கள் பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து ஏகார் எடுக்கிறார்கள். மண்டபம் பக்கம் மூங்கில் தெப்பங்களில் வளர்க்கும் கப்பாஃபைகஸ் பாசியிலிருந்து கேரகீனன். ஆனால் ஏகார் இறுகுவது 40 டிகிரிக்குக் கீழே என்றாலும் உருகுவது 85 டிகிரியில். அது சேர்ந்த மார்ஷ்மெல்லோ கம்பியடியில் சிவக்கும். ஆனால் ஜெலட்டின் போல் இளகி இழையாக நீளாது. கேரகீனனும் ஜெலட்டினைவிடக் கூடுதல் சூட்டில்தான் இளகும். குறை என்று நான் சொல்லமாட்டேன். துண்டு போடும்போது வடிவம் குலையாமல் நிற்பது ஒரு வசதியே.

ஓவனால் தரவே முடியாத ஒன்று உண்டு: புகை. விறகில் உள்ள லிக்னின் எரியும்போது குவாயகால், சிரிங்கால் என்ற சேர்மங்களாக உடைகிறது. கூடார இரவின் மணம் என்று பலர் நினைவில் வைத்திருப்பது இவற்றைத்தான். புகையூட்டிய உப்பைச் சிலர் மேலே தூவிக்கொள்கிறார்கள், நல்ல யோசனை. இல்லாதவர்களுக்கு ஒரு சிறு ஆறுதல். பிரவுனி மாவில் ஊற்றும் வெனிலா எசென்ஸின் மூல மணப்பொருளான வெனிலின், மூலக்கூறு அமைப்பில் குவாயகாலுக்கு நெருங்கிய சொந்தம். உலகில் விற்கும் செயற்கை வெனிலினில் பெரும்பகுதி குவாயகாலிலிருந்தே தயாராகிறது.

இப்போது மிஞ்சியிருப்பது ஒரே ஒரு முரண்பாடு. பிரவுனி நன்றாக ஆற வேண்டும். சூடாக வெட்டினால் கத்தியில் அப்பிக்கொள்ளும், பாகும் கொழுப்பும் இறுகச் சில மணி நேரமாவது ஆகும். இரவு முழுதும் கிடந்தால் இன்னும் உத்தமம். மார்ஷ்மெல்லோவோ வாட்டிய சூட்டிலேயே வாய்க்குப் போக வேண்டும். இரண்டையும் ஒரே நாளில், ஒரே மூச்சில் முடிக்கப் பார்ப்பதுதான் பல செய்முறைகளின் கோளாறு. பிஸ்கட்டும் பிரவுனியும் முதல் நாள். மறுநாள், விருந்தாளிகள் வந்து உட்கார்ந்த பிறகு, தேவைக்கு மட்டும் துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டின் மேலும் மார்ஷ்மெல்லோவை வைத்துக் கம்பியடியில் காட்டலாம். கத்தியும் சுத்தமாக இருக்கும், மேல்தோலின் மொறுமொறுப்பும் பரிமாறும்வரை நிற்கும்.

அந்த இரண்டாம் கட்டத்துக்குக் கண்ணாடித் தட்டு மட்டும் வேண்டாம். குளிர்ந்த கண்ணாடியைச் சிவந்த கம்பிக்கு அடியில் வைத்தால் மேல்பரப்பு சட்டென்று விரியும், அடி விரியாது. விரிசல் விட்டால் பிரவுனியோடு தட்டும் போய்விடும். அலுமினியத் தட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.